மையின் மேல் போட்ட பழி

கறுப்பு வெள்ளைப் படம் அச்சிடக் கறுப்பு மை ஒன்றே போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். போதாது, தம்பி ருஷ்தி. சாதாரண பிரிண்டர் சாம்பல் நிறத்துக்கு மற்ற நிறங்களையும் கலந்து அடிக்கும். முகத்தில் பச்சை தட்டும், இல்லாவிட்டால் சிவப்பு. அதனால்தான் கருமை, கடுஞ்சாம்பல், இளஞ்சாம்பல் என்று கொழும்பிலிருந்து தனி மை எடுப்பித்து, என் ஸ்டூடியோவின் இரண்டாவது பிரிண்டரில் நிரப்பினேன். நம் திகன ஊரில் ஒருவரும் அப்படிப் படம் கேட்கவில்லை. கலர் இல்லாமல் எதற்கு, பளீல் நானா என்று சிரித்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது.

நீங்கள் அப்போது கட்டாரில் வேலையில். மகள் பிறந்த ஏழாம் நாள், நுஹா என்று பேர் வைத்து முடியிறக்கியபோது, உங்கள் மனைவி ஹபீலா என்னைப் படமெடுக்கக் கூப்பிட்டார். ஜன்னல் மூடிய அறை, மஞ்சள் பல்ப். அந்த வெளிச்சத்தில் யாரைப் பார்த்தாலும் மஞ்சள்தான். நிறம் உள்ளபடி விழட்டும் என்று நான் ஃபிளாஷ் போட்டு எடுத்தேன். மறுநாள் கலர் படத்தைக் கொடுத்தபோது ஹபீலா வெகுநேரம் அதையே பார்த்தார்.

"பளீல் நானா, இது மெஷின்ட மஞ்சளா, புள்ளேட மஞ்சளா?"

நியாயமான கேள்வி. பதிலும் எனக்குத் தெரியும். பிள்ளையைச் சுற்றியிருந்த துணி படத்தில் வெள்ளை வெளேரென்று வந்திருந்தது. மை பிழைத்தால் துணியும் மஞ்சளடிக்கும். இங்கே முகமும் கண்ணின் வெள்ளையும் மட்டும்தான் மஞ்சள்.

"இங்க்ல கோளாறு தங்கச்சி. கறுப்பு வெள்ளைல அடிச்சித் தாறன். அதுதான் வடிவு."

ஏனென்று கேட்டீர்கள். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொன்னால், கலர் படம் சரி என்றாகிவிடும். என் மைக்குக் கிடைத்த முதல் முகமும் போய்விடும். பச்சைப் பிள்ளைக்கு மஞ்சள் வருவதும் போவதும்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மினுங்கும் தாளில் முதலில் அடித்தேன். நிறம் நிலைத்ததா என்று பார்க்க ஒரு நாள் காய வேண்டும். காய்ந்ததும் கன்னம் கறுத்துப்போயிற்று. மினுங்காத தாளுக்கு மாறினேன். இன்னொரு நாள். அப்போதுதான் ஹபீலா போன் எடுத்தார்.

"நானா, புள்ள பால் குடிக்கிதில்ல. தூங்கிட்டே ஈக்கிது. அந்த மஞ்சள் இங்க்தானே?"

"இங்க்தான்," என்றேன். வேறென்ன சொல்ல? ஒரு தரம் சொன்னதை மாற்றினால் கடையின் பேர் கெட்டுவிடும். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. போனை வைத்துவிட்டு இளஞ்சாம்பலைக் கொஞ்சம் கூட்டினேன்.

மூன்றாம் நாள் படம் அமைந்தது. இமை மயிர் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. சட்டம் போட்டு எடுத்துப்போனால் வீடு பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைக்கு வலிப்பு வந்து கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக் கைரியா சொன்னார். ஏன் இவ்வளவு பிந்திக் கொண்டுவந்தீர்கள் என்று டொக்டர் ஏசினாராம். ஸ்டூடியோ நானா இங்க்ட கோளாறு எண்டாரே என்று ஹபீலா திரும்பத் திரும்பச் சொன்னாராம். அன்று அஸர் தொழுகைக்கு முன்னரே பிள்ளை மூச்சு நின்று மவுத்தாகிவிட்டது.

மையில் ஒரு கோளாறும் இல்லை, தம்பி. தெரிந்துகொண்டேதான் சொன்னேன். ஆனாலும் நீங்களே யோசித்துப் பாருங்கள். பெற்றவர் அவர், நான் வெறும் படமடிக்கிறவன். என் பேச்சை அவர் அவ்வளவு நம்பியிருக்கக் கூடாது.