கம்ப்யூட்டருக்குள் ஒரு வயிறு

"என் கம்ப்யூட்டருக்குள்ள ஒரு வயிறு இருக்கு, சித்தப்பா."

விருதுநகர் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள். இருக்கிற ஒரு வயிற்றையே சமாளிக்கத் தெரியாதவன் நான், காதை நீட்டினேன்.

"அதை வச்சு என்ன செய்வ, தாயி?"

"கதிர்வீச்சு உள்ள உலோகத்தை முழுங்கினா வயித்துல எங்கன நிக்கும், எம்புட்டு ரத்தத்துல சேரும்னு கணக்குப் போடுவேன். ரேடியம் மாதிரி. நீங்க பட்டாசுக்குக் கலக்குற பேரியமும், கதிர்வீச்சு இல்லாட்டியும், அதுக்குத் தம்பிதான்."

"நல்லதாப் போச்சு. வயித்து வலிக்கு எக்ஸ்ரே எடுக்க பேரியம் குடிக்கணும்னு டாக்டர் சொன்னாருல்ல? ஆஸ்பத்திரிச் சரக்கு எப்பிடியோ! நம்ம கம்பெனியில நானே சலிச்சு எடுத்தாந்துட்டேன்."

மடியிலிருந்த பொட்டலத்தைப் பெருமையாகத் தட்டினார்.

அவள் குரல் இறங்கியது. "குடிச்சீகளா?"

"இல்ல. அங்கன போயித்தான்..."

"சித்தப்பா, ஆஸ்பத்திரியில குடுக்குறது கரையாத உப்பு. வந்த வழியே போயிரும். இது வயித்துல கரைஞ்சு ரத்தத்துல ஏறும். நெஞ்சு நின்னுரும்."

"இருவது வருசமா கையில அள்ளுறேன், தாயி."

"அள்ளுறது வேற, முழுங்குறது வேற."

அவர் பொட்டலத்திலிருந்து கையை எடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "உங்க சித்திக்கும் அதே வலி. குடிச்சா கேக்கும்னு அவளுக்கும் ஒரு ஸ்பூன் மடிச்சுக் குடுத்துட்டு வந்தேன்."

அவள் செல்போனை எடுத்தாள். இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. மூன்றாவது முறை, "சித்தி, அந்தப் பொட்டலம்!" என்று கத்தினாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

அவள் போனை இறக்கினாள்.

"வெந்நியில கருப்பட்டி போட்டுக் கலக்கிட்டாகளாம், சித்தப்பா. சூடா இருக்கு, ஆறட்டும்னு வச்சிருந்தாகளாம், இன்னும் குடிக்கல."