துணிக்கொடித் தீவு

மோர்ல உப்பு ஜாஸ்தியா இருந்தா சொல்லுங்க தம்பி. நான் எப்பவுமே கொஞ்சம் தூக்கலாத்தான் போடுவேன், அவருக்கு அப்பிடித்தான் புடிக்கும். ரெண்டு டம்ளர் எடுத்து வெச்சிருக்கறதப் பாத்து ஆச்சரியப்படாதீங்க. நேத்தே நீங்க கீழத் தெருவுல வண்டிய நிறுத்திட்டு, கையில சிக்னல் எந்தத் திசையில இருந்து வருதுன்னு காட்டற அந்த வட்டக் கம்பிய இப்பிடியும் அப்பிடியும் திருப்பி, கடைசில இந்த மொட்ட மாடியப் பாத்தீங்க. நானும் தண்ணித் தொட்டிக்குப் பின்னால நின்னு உங்களப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இன்னைக்கு மேல ஏறி வருவீங்கன்னு தெரியும்.

போன்ல ரெக்கார்டு போட்டுக்குங்க, பரவால்ல. ஞாயித்துக்கிழம உங்க கிளப் கமிட்டியில கேக்கறவங்க எல்லாருக்கும் எங்க வீட்டு விவகாரம் தெரியாது. அதனால முதல்ல இருந்தே சொல்றேன். மணி எட்டரைதான் ஆவுது. ஒன்பது வரைக்கும் எனக்கு வேலை ஒண்ணுமில்ல.

என் பேரு அன்புச்செல்வி. போளூர் ரோட்ல ஹாம் ரேடியோ அருணகிரின்னா யாரும் வீட்டக் காட்டுவாங்க, அவரோட சம்சாரம். உங்க கிளப்புல பாதிப் பேருக்கு எங்க ஹால்ல வெச்சுத்தான் அவரு மோர்ஸ் தந்தி அடிக்கச் சொல்லிக் குடுத்தாரு. நீங்களும் அங்க உக்காந்தவர்தான், ஃபைஸ் தம்பி. இன்னைக்கு கிளப் செக்ரட்டரி ஆயிட்டீங்க, ஆனா பரீட்சையில மூணு தடவ கோட்டை விட்டது எனக்கு மறக்கல. நான் சமையல்கட்டுல உங்களுக்கெல்லாம் டீ போட்டுக்கிட்டே முதல் மாசத்துலயே கத்துக்கிட்டேன். நானும் லைசென்ஸ் பரீட்சை எழுதட்டுமான்னு கேட்டேன். "உனக்கெதுக்கு அதெல்லாம், டீ ஆறிடப் போவுது"ன்னாரு. கோவமா சொல்லல, சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாரு. நானும் அத மனசுல வெச்சிக்கல. தேதி மட்டும் ஞாபகம் இருக்கு, ஆவணி பதினொண்ணு.

ரேடியோ தெரியாதவங்களுக்காக ஒண்ணு சொல்லிடறேன். இவங்க வெளிநாட்டுக்காரங்களக் கூப்பிட்டுப் பேசுவாங்க. பேசினதுக்கு அத்தாட்சியா ரெண்டு பக்கமும் ஒரு கார்டு அனுப்பிக்குவாங்க. நூறு நாட்டுக் கார்டு சேந்துட்டா பெரிய ஆளு. உங்க சாருக்குத் தொண்ணூத்தொம்போது சேந்து, அதுலயே நாலு வருஷமா நின்னு போச்சு. சோறு எறங்காது, தூக்கம் புடிக்காது. ஒரு நாள் காலைல, ஆப்பிரிக்காவுக்கு இந்தாண்ட நடுக்கடல்ல இருக்கற ஒரு தீவுல இருந்து ஒருத்தன் லேசாக் கூப்பிட்டிருக்கான். தீவு பேரு வேணாம், அது ஒரு தப்பும் பண்ணல. இவரு பதில் அடிக்கப் போற நேரம் பாத்து நான் மிக்ஸியப் போட்டேன். வேர்க்கடலைச் சட்னி. மிக்ஸி இரைச்சல்ல தீவு காணாமப் போச்சு.

மூணு வாரம் என்கிட்ட முகம் குடுத்துப் பேசல. அதுகூடப் பரவால்ல. ஞாயித்துக்கிழம காலைல நீங்க ரேடியோவுல கிளப் நியூஸ் படிப்பீங்களே, அதுல "அருணகிரி சார் வீட்டுச் சட்னி ஒரு தீவையே முழுங்கிடுச்சு"ன்னு படிச்சீங்க. எழுதிக் குடுத்தது அவரு, படிச்சது நீங்க. வேலூர்ல இருந்து விழுப்புரம் வரைக்கும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். நல்ல தமாசுதான்.

என் மிக்ஸியால போன தீவ நானே திருப்பிக் குடுத்துடலாம்னு நெனச்சேன். அவ்வளவுதான் தம்பி என் தப்பு.

பரண்ல ஒரு பிஸ்கட் டப்பா கெடந்துச்சு. அதுக்குள்ள அவரு எப்பவோ ஆசையாச் செஞ்சு, பாதியில வெறுத்துத் தூக்கிப் போட்ட சின்ன டிரான்ஸ்மிட்டர், அனுப்பவும் கேக்கவும் ரெண்டுக்கும் ஆவும். ஒரு ஒயருதான் விட்டுப் போயிருந்துச்சு. அவரு பத்து மாசம் தேடிக் கண்டுபிடிக்காதத நான் ஒரு மத்தியானத்துல ஈயம் வெச்சுப் பத்த வெச்சேன். அப்புறம் இந்த எடம். இது என் தங்கச்சி ரேவதி வீடு. அவ நர்சு, எட்டு மணிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடுவா, சாவிய துளசிச் செடிக்கு அடியில வெச்சிட்டுப் போவா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது, அவள இழுக்காதீங்க. எங்க வீடு மலைக்கு அந்தப் பக்கம், நாம இருக்கற அடி அண்ணாமலை இந்தப் பக்கம். நடுவுல அவ்ளோ பெரிய மலை நிக்குது. இந்தச் சின்ன டப்பாவோட சிக்னல் மலையத் தாண்டி அங்க போறதுக்குள்ள நோஞ்சானாயி, கடல் தாண்டி வந்த மாதிரியே கேக்கும். அவரோட ஆன்டெனாவ ஆப்பிரிக்கா பக்கம் திருப்பினாலும் மலைதான், அடி அண்ணாமலைதான்.

ஆன்டெனா எங்கன்னு தேடறீங்களா? உங்க தலைக்கு மேல இருக்கற துணிக்கொடிதான். நல்ல இரும்புக் கம்பி. தொலைதூரச் சிக்னல்னா அப்பப்ப மங்கணும், அப்பப்ப ஏறணும், இல்லயா? ஈரப் புடவையக் கொண்டாந்து கொடியில போட்டா மங்கும். எடுத்தா ஏறும். இத எந்தப் புஸ்தகத்துலயும் போட்டிருக்க மாட்டாங்க.

என் தீவு ஆளுக்கு லூயின்னு பேரு வெச்சேன். தீவுல வானிலை ஆபீஸ்ல வேலை, தனிக்கட்டை. தை மாசம் ஒரு காலைல ஒன்பது மணிக்குக் கூப்பிட்டேன். நம்ம ஒன்பது அங்க ஏழரை, அதனால "இப்பதான் காபி குடிச்சேன்"னு லூயி சொன்னான். உங்க சாரு அவசரத்துல தன் பேரையே தப்பா அடிச்சது எனக்கு மலைக்கு இந்தப் பக்கம் கேட்டுச்சு. ஒவ்வொருத்தர் அடிக்கற கைக்கும் ஒரு சாயல் உண்டு, கையெழுத்து மாதிரின்னு உங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தாரே. என் கை சாயல் அவருக்கு எப்பிடித் தெரியும்? நான் அடிச்சு அவரு கேட்டதே கெடையாது.

கார்டு கீழ்பென்னாத்தூர்ல ஒரு பிரஸ்ல அடிச்சேன். பழைய காலண்டர்ல இருந்த கடல், தென்னமரம். கார்டுல வெளிநாட்டு ஸ்டாம்ப் எங்கன்னு உங்க கிளப்புல இருக்கற சக்கரவர்த்தி சார் கேட்டாராமே. ஸ்டாம்பே வேணாம் தம்பி. வெளிநாட்டுக் கார்டெல்லாம் கிளப்புக்கு மொத்தமா வந்து, நீங்கதான கட்டுக் கட்டி வீடு வீடாக் குடுக்கறீங்க. எங்க வீட்டுக் கதவத் தொறந்து வாங்கறது நான்தான. நடுவுல ஒண்ணு சொருகிட்டேன். அன்னைக்கு அவரு கார்ட கண்ணுல ஒத்திக்கிட்டாரு. எனக்குத் தெரிஞ்சு அவரு அழுதது அன்னைக்குத்தான்.

நூறுக்கு ஒரு தடவ பேசினாப் போதும். அதோட நிறுத்திருக்கலாமேன்னு கேப்பீங்க. மறுநாளும் அதே நேரத்துக்கு அவரு லூயியக் கூப்பிட்டாரு. கூப்பிட்ட மனுசனுக்குப் பதில் சொல்லலன்னா மரியாதையா இருக்குமா? அதனாலதான் தினமும் வந்தேன். வேற காரணம் ஒண்ணுமில்ல.

லூயிகிட்ட நெறைய பேசுவாரு. முட்டி வலிக்குதும்பாரு. ரிட்டயர் ஆனதுல இருந்து காலைல எழுந்தா எதுக்கு எழுந்தோம்னு இருக்குதும்பாரு. ஒரு நாள், "நேத்து என் மனைவி வெச்ச ரசம் ரொம்ப நல்லா இருந்துச்சு"ன்னு அடிச்சாரு. முப்பத்தோரு வருஷமா ரசம் வெக்கறேன் தம்பி. வீட்டுக்குப் போயி, ரசம் எப்பிடி இருந்துச்சுன்னு கேட்டேன். "ம்"னாரு. அதனால என்ன, விஷயம் எனக்கு வந்து சேந்துடுச்சுல்ல. இன்னொரு நாள் லூயிகிட்ட, "உன் கை எங்கயோ பழகின கை மாதிரி இருக்கு"ன்னாரு. நான் ஓடிப் போயி ஈரப் புடவையப் போட்டுட்டேன்.

இப்ப நீங்க முக்கியமாக் கேக்க வேண்டியதுக்கு வர்றேன். ரெண்டு மாசத்துக்கு முன்ன நியூஸ்ல நீங்க படிச்சீங்க, வெள்ளைக்காரங்க நாலு பேரு பெரிய ஆன்டெனாவோட அந்தத் தீவுக்குப் போறாங்க, பத்து நாள் அங்க இருந்து எல்லார்கூடவும் பேசுவாங்கன்னு. உங்க சாரு சந்தோஷத்துல குதிச்சாரு. அவங்ககிட்ட லூயியப் பத்தி விசாரிக்கணுமாம், ஒரு வேட்டியும் வெபூதிப் பொட்டலமும் குடுத்தனுப்ப வழி இருக்கான்னு கேக்கணுமாம். அவங்க லூயியா, அப்பிடி யாருமில்லயேன்னு சொல்லிட்டா அவரு மனசு என்ன ஆவும்? அவரு மனசுக்காகத்தான் அந்த ஊசி.

குண்டூசி. ஆன்டெனாவுல இருந்து ரூமுக்கு வர்ற கருப்பு ஒயர்ல சொருகி, தலைய நறுக்கிட்டா ஆண்டவனுக்கே தெரியாது. உள்ள இருக்கற கம்பியும் மேல சுத்தின வலையும் ஒட்டிக்கும், ரேடியோ செவிடாயிடும். எதிரி வீட்டு ஆன்டெனாவக் கெடுக்கறது எப்பிடின்னு அவருதான் உங்களுக்கெல்லாம் தமாசாச் சொன்னாரு. டீ குடுக்க வந்த நானும் கேட்டேன். அந்தப் பத்து நாள் லூயியும் பேச முடியாதுன்னு எனக்குத் தெரியும். அது எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு.

ரேடியோ ஏன் கேக்கலன்னு அவரு ரெண்டு நாள் ரூமுல தேடினாரு. மூணாம் நாள் மொட்ட மாடியில ஆன்டெனாக் கம்பத்துல ஏறினாரு. ஏறாதீங்கன்னு நான் ரெண்டு தடவ சொன்னேன், அதையும் எழுதிக்குங்க. சொல்லிட்டுக் கீழ வந்து கீரை ஆஞ்சிக்கிட்டு இருந்தேன். மூணாவது தடவையும் சொல்லிருக்கலாம். விழுந்ததுல குதிகால்தான் விரிசல், தலைக்கு ஒண்ணுமில்ல. ஆறு வாரம் மாவுக்கட்டு. அவரு விழுந்தது மூணாம் நாள். நான் ஊசிய எடுத்தது பதினோராம் நாள், அந்த நாலு பேரும் தீவ விட்டுக் கெளம்பின பிற்பாடு. நீங்க ஏன் மோர கீழ வெச்சிட்டீங்க? குடிங்க.

கட்டு போட்டதுல ஒரு நல்லதும் நடந்துச்சு. ரேடியோவக் கட்டிலுக்குப் பக்கத்துலயே வெச்சிக்கிட்டாரு. முன்ன கால் மணி நேரம், இப்ப முக்கா மணி நேரம். இந்த நாலு வாரமா பேசின மாதிரி நாங்க பேசினதே கெடையாது. நான் இங்க வர்றப்ப அவருக்கு ஒரு பிளாஸ்க்குல காபியும் கை எட்டற தூரத்துல ஒரு மணியும் வெச்சிட்டுத்தான் வருவேன். மணி அடிச்சா யாரு வருவாங்கன்னு அவரு கேட்டதில்ல. நானும் யோசிக்கல.

ஆனா சக்கரவர்த்தி சாரு சும்மா இருக்கல. அந்த நாலு பேர்கிட்ட அவரே லூயியப் பத்தி விசாரிச்சுட்டாரு. இங்க லூயின்னு ஒருத்தரும் இல்லன்னு பதில் வந்துச்சு. உடனே, அருணகிரி இல்லாத ஆளோட பேசினதா எழுதிட்டாரு, கார்டையும் அவரே அடிச்சிட்டாருன்னு கமிட்டிக்கு லெட்டர். அவரு பேர கிளப்புல இருந்து நீக்கிட்டதா ஞாயித்துக்கிழம நியூஸ்ல படிக்கணுமாம். அந்த லெட்டர அவரு தலகாணிக்கு அடியில வெச்சிருக்காரு. "நான் பொய் சொல்லலன்னு உனக்காவது தெரியுமா"ன்னு கேட்டாரு. லூயிகிட்டதான் கேட்டாரு. நீங்க ஒருத்தர்தான் சாரு பொய் சொல்ல மாட்டாருன்னு நம்பி, அந்த வட்டக் கம்பிய நீங்களே செஞ்சு, ஒரு வாரமா மலையச் சுத்தி லூயியத் தேடியிருக்கீங்க. நல்லா இருங்க.

அதனால ஞாயித்துக்கிழம நியூஸ்ல இத அப்பிடியே படிச்சிடுங்க. லைசென்ஸ் இல்லாம ரேடியோ போட்டது நான். லூயி நான். கார்டு நான். ஊசி நான். அவரு எழுதினது ஒண்ணுகூடப் பொய்யில்ல. பொய்யன்னு பேரு வாங்கறதுக்கு ஏமாந்தவர்னு பேரு வாங்கறது எவ்வளவோ தேவலாம். மத்தவங்க சிரிச்சா சிரிக்கட்டும், நான் சிரிச்சுப் பழகிட்டேன், அவரும் பழகிக்குவாரு. இந்த டப்பாவையும் எடுத்துக்கிட்டுப் போயிடுங்க.

இப்ப இல்ல, ஒரு பத்து நிமிஷம் பொறுங்க. நேத்து அவரு லூயிகிட்ட ஒண்ணு கேட்டாரு. "என் மனைவி தினமும் காலைல கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போறா. திரும்பி வர்றப்ப நெத்தியில வெபூதி இருக்கறதில்ல. அவளுக்கு என்னப் புடிக்காமப் போச்சோ? நான் என்ன பண்ணணும் லூயி?" இத்தன வருஷமா என் மூஞ்சிய அவரு பாக்கறதே இல்லன்னு நெனச்சிருந்தேன் தம்பி. உடனே ஈரப் புடவையப் போட்டுட்டேன். இன்னைக்கும் வந்ததும் பயத்துல முதல்ல அதத்தான் போட்டேன்.

மணி ஒன்பது. கேக்குதா? அவருதான் கூப்பிடறாரு. அவ எங்கயும் போகலய்யா, உன்கிட்டதான் வந்துக்கிட்டிருக்கான்னு சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டாரு, லூயி சொன்னா நம்புவாரு. நீங்க கொஞ்சம் உயரமா இருக்கீங்க, கொடியில இருக்கற ஈரப் புடவைய மட்டும் எடுத்துடுங்க தம்பி, இன்னைக்கு அவருக்குத் தெளிவாக் கேக்கணும்.