பசியறியாப் பணிச்சுடருக்கு

பசிக்கவில்லை என்று யார் சொன்னது? பசித்தது. இருபத்தொன்பது வருடமும் மதியம் பன்னிரண்டரைக்கு டாணென்று பசித்தது.

பணி நிறைவு விழா மேடையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒலிபெருக்கியின் முன் தலைமை நர்ஸ், கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்து மடலை இரண்டு கையாலும் ஏந்தி முதல் பத்தியை முடித்திருந்தாள்.

"ரத்தக்குழாய்ப் பரிசோதனைக் கூடத்தின் தலைமகளே! பசியறியாப் பணிச்சுடரே! பம்பரமாய்ச் சுழன்று, பரிவோடு பார்த்து, பல்லாயிரம் கரங்களின் நாடியைப் படித்தறிந்த பண்பின் இருப்பிடமே! உம்மை வாழ்த்த வாயெல்லாம் போதாமல் வந்து நிற்கிறோம்!"

ஒரே கைதட்டல். 'பசியறியா' அவளுடைய சொல்தான். போன வருடம் ஓய்வு பெற்ற பதிவறைக்காரருக்கு மடல் எழுதிக் கொடுத்தவள் அவளே; அதிலிருந்து அப்படியே சுட்டிருக்கிறார்கள். அந்த மனிதர் இப்போது மாதம் ஒருமுறை நோயாளியாக வருகிறார்.

"வந்தவர் காத்திருக்கலாகாதென்று வயிற்றைக் காக்க வைத்த தாயுள்ளமே! 'உப்பைக் குறையுங்கள், உறக்கத்தைக் கூட்டுங்கள், கவலையைக் கழற்றி வையுங்கள்' என்று உலகுக்கெல்லாம் உரைத்துவிட்டு, நீரோ மாலை நான்கு மணிக்கு நின்றபடியே நாலு உப்பு பிஸ்கட்டில் பசியாறி, வீட்டிலும் விழித்திருந்து, மூண்ட சினத்தையும் முறுவலுக்குள் மறைத்து, மூன்று பேர் வேலையைத் தனியொருவராய்ச் சுமந்தீரே! உமக்கு நிகர் யார்!"

நர்ஸ் நிமிர்ந்து பார்த்துக் கண் சிமிட்டினாள். பிஸ்கட் கதை நர்ஸ் சேர்த்தது.

நாற்காலியில் இருந்தவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் அவள் நிரப்பும் படிவம் இதுதான். உணவு நேரம் தவறுகிறதா? உப்பு அதிகமா? தூக்கம் குறைவா? மன அழுத்தம் உண்டா? நான்கு கட்டத்திலும் 'ஆம்' போட்டுவிட்டுக் கைதட்டுகிறார்கள்.

போன வாரம், அவள் இடத்துக்கு வந்திருக்கும் புதுப் பெண் பழகட்டுமே என்று தன் கையையும் காலையும் நீட்டிப் படுத்திருந்தாள். கையிலும் கணுக்காலிலும் பட்டை சுற்றி, நாடியின் அலை ஓடும் வேகத்தைக் கருவி அளக்கும். குழாய் இளகியிருந்தால் அலை நிதானமாக நடக்கும். விறைத்திருந்தால் ஓட்டம் பிடிக்கும். தாளைப் பார்த்த பெண்ணுக்கு முகம் மாறிவிட்டது.

"அக்கா, உங்க குழாய்க்கு எழுபத்தொரு வயசுன்னு காட்டுது. மெஷின் மக்கர் பண்ணுதா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. மக்கர் பண்றது நான்."

அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. அந்தத் தாள் இப்போது கைப்பையில் நாலாக மடிந்திருந்தது. பயமில்லை. 'இன்னும் விறைக்காமல் பிடித்து நிறுத்தலாம், இன்றைக்கே ஆரம்பியுங்கள்' என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள்! தனக்குத்தான் இன்றைக்கு என்றொரு நாள் வாய்க்கவில்லை.

"மறுப்பறியா மாண்பே! 'முடியாது' என்ற சொல்லை மறந்தும் மொழியாத மாதரசியே! இனி உம் காலைகள் கடிகாரத்துக்கு அஞ்சாமல் விடியட்டும்! உம் நாடி நடைபயிலட்டும், ஓட வேண்டாம்! உடல் நலமும் உள்ள நிறைவும் உடன்பிறந்தாராய் உம்மோடு நெடுங்காலம் வாழட்டும்! இவ்வண்ணம், உம் அன்பில் நனைந்த பரிசோதனைக் கூடப் பணியாளர்கள்."

சட்டத்தை மடியில் வாங்கிக்கொண்டாள். நல்ல கனம். சுவரில் மணி ஒன்றேகால். சாப்பாட்டுத் தட்டுகள் வரத் தொடங்கின. பக்கத்து நாற்காலியிலிருந்து பெரிய டாக்டர் குனிந்தார்.

"ஒரு சின்ன விஷயம்மா. அந்தப் புதுப் பொண்ணுக்கு இன்னும் கை வரல. ஒரு ஆறு மாசம் வந்துட்டுப் போங்களேன். வெளியில வேற ரெண்டு பேர் உக்காந்திருக்காங்க. அதை மட்டும் இப்பவே பாத்துட்டு வந்து நிம்மதியா சாப்பிடுங்க."

"அவளுக்குக் கை வந்தாச்சு டாக்டர். போன வாரம் எனக்கே பாத்தா. துளி தப்பில்ல."

"இருந்தாலும் உங்கள மாதிரி வருமா? நீங்க முடியாதுன்னு சொல்ல மாட்டீங்கன்னு இப்பத்தானே வாசிச்சாங்க!"

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். மடலைக் கண்ணாடி மேலே தெரியும்படி காலியாக இருந்த நாற்காலியில் வைத்தாள். தட்டை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"முடியாது டாக்டர்" என்றாள், நோயாளிகளிடம் 'மூச்சை மெதுவா விடுங்க' என்று சொல்லும் அதே குரலில். பிறகு முதல் வாயை எடுத்து, அவசரமே இல்லாமல் மெல்லத் தொடங்கினாள்.