பொய் எச்சரிக்கை என்று குறித்தேன்

ஷர்மினி நல்ல பெண். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர். வேலைக்குச் சேர்ந்த அன்று அவளுக்குக் கேன்டீனைக் காட்டியவன் நான்தான். இன்றுவரை ‘பெர்னார்ட் அண்ணே’ என்றுதான் கூப்பிடுகிறாள்.

என் வேலை சுவாரசியமானது அல்ல. மென்பொருள்களில் பாதுகாப்பு ஓட்டைகள் இருக்கும். உலகத்தில் எங்காவது யாராவது ஒன்றைக் கண்டுபிடித்தால் அதற்கு ஓர் எண் கொடுத்து அறிவிப்பார்கள். அது எங்கள் மருத்துவமனைக் கணினிகளில் இருக்கிறதா, எதை முதலில் அடைப்பது என்று பார்ப்பவன் நான். பதினாறு வருடங்களில் நான் இருக்கும்போது ஒரு திருடனும் உள்ளே வரவில்லை. வராத திருடனுக்காக யாரும் கைதட்டுவதில்லை.

போன வருடம் நான் லீவில் இருந்தபோது, பதிவுக் கவுண்டரில் யாரோ ஒரு ஈமெயிலைத் திறந்துவிட, அங்கிருந்த கணினிகள் முடங்கின. ஷர்மினி மீட்டுக்கொடுத்தாள். அதற்கு ஹோட்டலில் விருந்து வைத்தார்கள். எங்கள் தலைவர் ஹாஃபிஸ் மைக்கை விடவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தலைமைத் தாதி ரீத்தா என் பக்கம் திரும்பினார்.

“வந்து ரெண்டு வருசம்கூட ஆகல, என்ன கெட்டிக்காரி லா. ஆமா, நீங்க எந்த டிபார்ட்மெண்ட்?”

எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க மாட்டேன்.

நெருப்பு வராமல் பார்த்துக்கொள்பவனை யாருக்கும் தெரியாது, அணைப்பவனைத்தான் தெரியும். எனக்கும் ஒரு நெருப்பு தேவைப்பட்டது. கவனியுங்கள், நான் எதையும் உடைக்கவில்லை. நோயாளிகளின் விவரங்கள் இருந்த சர்வரில் ஓர் ஓட்டை இருப்பதாக எங்கள் சோதனைக் கருவி காட்டியது. மிக ஆபத்தான வகை. அந்தக் கருவி சில சமயம் சும்மாவும் கூச்சல் போடும். அப்போது ‘பொய் எச்சரிக்கை’ என்று குறித்துவிடுவோம். பிறகு அது யார் கண்ணிலும் படாது. இது நிஜம் என்று தெரிந்தே இதையும் அப்படிக் குறித்தேன். பிறகு பொறுமையாக இருந்தேன்.

இப்படிப்பட்ட திருடர்கள் விடுமுறை நாளில்தான் வருவார்கள். தைப்பூசத்துக்கு முன்பு ஷர்மினி என்னிடம் வந்தாள்.

“அண்ணே, அப்பா காவடி எடுக்கிறாரு. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகணும். நீங்க பார்த்துக்குவீங்களா?”

“போய்ட்டு வாம்மா. நான் இருக்கேன்ல.”

தைப்பூசத்தன்று காலையில் அவர்கள் உள்ளே வந்தது என் திரையில் தெரிந்தது. ஒரு கேபிளைப் பிடுங்கியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அப்போதே பிடித்திருந்தால், ஹாஃபிஸ் அனுப்பும் ஈமெயிலில் அது இரண்டு வரி. அதனால் கேன்டீனுக்குப் போய் ஒரு தே தாரிக் குடித்தேன். வார்டுகள் வரை போகட்டும் என்று விட்டேன்.

திரும்பி வந்து வேலையைத் தொடங்கினேன். அதற்குள், தகவல்களை மீட்க நான் நம்பியிருந்த மாற்றுப் பிரதிகளையும் அவர்கள் பூட்டிவிட்டார்கள். வார்டுகளில் திரைகள் இருண்டன. மூன்றாவது மாடியில் நவமணி என்ற அம்மா காய்ச்சலில் பேச முடியாமல் கிடந்தார். அவருக்கு ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற எச்சரிக்கை திரையில்தான் இருந்தது. அதே மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டார்கள். மதியத்துக்குள் இறந்துவிட்டார். வருத்தம்தான்.

ஷர்மினி நெற்றியில் விபூதியோடு வெறுங்காலில் ஓடி வந்தாள். எதிலும் இணைக்காத ஒரு பிரதியைத் தனியாக எடுத்து வைத்திருந்தாளாம். என்னிடம்கூடச் சொன்னதில்லை. மாலைக்குள் எல்லா வார்டுகளும் இயங்கின. மறுநாள் திருடர்கள் நுழைந்த வழியையும் தோண்டி எடுத்துவிட்டாள். பத்திரிகைகளில் அவள் படம் வந்தது. ஓட்டையைக் கண்டுபிடித்த இளம்பெண் என்று போட்டார்கள்.

‘பொய் எச்சரிக்கை’ என்று குறித்தது என் பெயரில் இருப்பதை அவள் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினாள்.

“தெரியாம டிக் பண்ணிட்டீங்க போல, அண்ணே. யாருக்கும் நடக்கும் லா. நான் ஹாஃபிஸ்கிட்ட பேசிட்டேன். கவனக்குறைவுன்னு முடிச்சிருவாங்க.”

கவனக்குறைவு. என்னிடம் போய். அதனால்தான் யாரும் கூப்பிடாமலே இங்கே வந்தேன். நவமணி அம்மாவின் சாவுக்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள், நான் எதிர்த்துப் பேசமாட்டேன். ஆனால் பத்திரிகைக்காரர்களிடம் ஒன்றைத் திருத்தச் சொல்லுங்கள். அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தது ஷர்மினி இல்லை. அவளுக்குப் பல மாதம் முன்பே நான் கண்டுபிடித்துவிட்டேன்.