மேல்வீட்டு யோகா

மி-ரான்: இல்லக்கா, உள்ள வரல. இங்கயே நின்னு சொல்லிட்டுப் போயிடறேன். கடைக்கு முள்ளங்கி வந்து இறங்கியிருக்கும், கிம்ச்சி ஊறுகா போடணும்...

கும்-சுக்: தெரியும்மா, தெரியும். யோகா வீடியோ சத்தத்தப் பத்தித்தானே? முந்தாநேத்தே நிறுத்திட்டேன். லிஃப்ட்ல நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்களே, ஏழாவது மாடியில காலங்காத்தால டிவி அலறுதுன்னு...

மி-ரான்: அதில்லக்கா...

கும்-சுக்: நேர் கீழ நீ குடியிருக்கேங்கிற நெனப்பே இல்லாமப் போச்சு எனக்கு. செருப்பக் கழட்டு. பேரிக்கா நறுக்கி வெச்சிருக்கேன்.

மி-ரான்: சரி, ஒரு நிமிஷம்தான். ...பாய் நல்லாருக்கே, புதுசா?

கும்-சுக்: காயா? நல்லாப் பழுத்ததும்மா. கடிச்சுப் பாரு.

மி-ரான்: பாய் அக்கா. யோகா பாய்.

கும்-சுக்: ஓ, அதுவா. சியோல்ல இருக்கிற மக வாங்கி அனுப்பினா.

மி-ரான்: இப்ப சத்தமில்லாமயா செய்றீங்க?

கும்-சுக்: படத்தப் பாத்துத்தானே செய்றேன். சத்தம் எதுக்கு?

மி-ரான்: ஒழுங்கா வருதா?

கும்-சுக்: எங்க வருது. குனிஞ்சா டிவி தெரியாது. தலையத் திருப்பித் திருப்பிப் பாத்து கழுத்துப் பிடிச்சுக்கிச்சு. பாரேன், பிளாஸ்திரி.

மி-ரான்: அப்ப கிளாஸுக்குப் போகலாமில்ல? நம்ம பேட்டை நல மையத்துலயே நடக்குதே. தப்பாச் செஞ்சா டீச்சர் வந்து தொட்டுத் திருத்துவா.

கும்-சுக்: போனேனே, ஒரு மாசம். அந்தப் பொண்ணு வாய்க்குள்ளயே பேசுது. நம்மளக் குப்புறக் கவுத்துப் போட்டுட்டு, எங்கயோ நடந்துக்கிட்டே என்னமோ சொல்லுது. ஒரு நாள் எல்லாரும் எழுந்து நின்னுட்டாங்க. நான் மட்டும் கவுந்தே கெடக்கேன்.

மி-ரான்: தூங்கிட்டீங்களா?

கும்-சுக்: ...ஆமா. தூங்கிட்டேன்னுதான் சொன்னேன். ஒரே சிரிப்பு. அதோட போகல.

மி-ரான்: சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க.

கும்-சுக்: நீ சொல்லுவே. சரி, நிறுத்தியாச்சுன்னு சொல்லிட்டேன். இன்னும் என்ன?

மி-ரான்: அதான்க்கா... திரும்பப் போடுங்க.

கும்-சுக்: எத?

மி-ரான்: சத்தத்த. பழையபடியே.

கும்-சுக்: என்னைக் கேலி பண்றியா?

மி-ரான்: இல்லக்கா. அப்பார்ட்மென்ட் ஆபீஸ்ல புகார் சொன்னதே நான்தான். அதுவும் போன குளிர்காலத்துல. அந்த ஆபீஸ் மனுஷன் ஆற அமர இப்ப நோட்டீஸ் ஒட்டியிருக்காரு.

கும்-சுக்: நீயா...

மி-ரான்: கோவிச்சுக்காதீங்க. அப்ப நான் இடுப்பு வலியில படுத்த படுக்கையாக் கெடந்தேன். மேலேர்ந்து அந்த வீடியோ அம்மா குரல்... 'மூச்ச உள்ள இழுங்க, முழங்கால மெல்ல மடக்குங்க'ன்னு. திட்டிக்கிட்டே கெடந்தேன். ஒரு நாள் சும்மா, மடக்கித்தான் பாப்போமேன்னு...

கும்-சுக்: மடக்கினியா?

மி-ரான்: மடக்கினேன். அப்புறம் தெனமும். நீங்க மேல, நான் கீழ.

கும்-சுக்: படம் பாக்காமயா?

மி-ரான்: எங்க வீட்டு விட்டத்துல எங்க படம் ஓடுது? காதால கேட்டுத்தான். நீங்க தடால்னு விழுந்தா, ஒத்தக்கால்ல நிக்கிற கட்டம் வந்துடுச்சுன்னு புரிஞ்சுக்குவேன்.

கும்-சுக்: அடிப்பாவி.

மி-ரான்: முந்தாநேத்து பாய விரிச்சு உக்காந்திருந்தேன். ஒண்ணும் வரல. நேத்தும் வரல. உங்களுக்கு என்னமோ ஏதோன்னு வேற...

கும்-சுக்: உன் போன்லயே போட்டுச் செய்ய வேண்டியதுதானே?

மி-ரான்: போட்டேன். பாதியில நிறுத்திட்டேன். மேல ஒரு ஆளு கூடவே செஞ்சுக்கிட்டிருக்குங்கிறது... அது இல்லாம ஓடலக்கா.

கும்-சுக்: இன்னொரு துண்டு எடுத்துக்கோ. கூட ஆளு வேணும்னா நீயும்தான் கிளாஸுக்குப் போயிருக்கலாம்.

மி-ரான்: கண்ணாடிக்கா. சுவரு பூராக் கண்ணாடி. இந்த உடம்ப நானே அத்தன தடவ பாக்கணுமா? வாசல் வரைக்கும் போயிட்டு வந்துட்டேன்.

கும்-சுக்: நல்லாருக்கு. இதுல எனக்கு யோசனை சொல்ல வந்துட்டே.

மி-ரான்: ரெண்டு பேருமாப் போனா? வியாழக்கிழமைதானே கிளாஸு, கடைய எங்க வீட்டுக்காரரு பாத்துக்குவாரு. நீங்க எனக்கு முன்னால நின்னா கண்ணாடியில நான் தெரிய மாட்டேன்.

கும்-சுக்: நான் குச்சி மாதிரி இருக்கேன். எனக்குப் பின்னால நீ ஒளியப் போறியா?

மி-ரான்: அப்ப பக்கத்துல நிக்கிறேன். வருவீங்களா, மாட்டீங்களா?

கும்-சுக்: யோசிக்கணும்...

மி-ரான்: என்ன யோசனை? மறுபடியும் தூங்கிட்டா நான் எழுப்பிவிடறேன், போதுமா?

கும்-சுக்: வர்றேன். ஆனா நீ எனக்கு வலது பக்கம் பாயப் போடு. இடது காது எனக்குச் சுத்தமாக் கேக்கல, மி-ரான். வலதும் பாதிதான். வீட்டுல யாருக்கும் தெரியாது. டிவி அவ்வளவு அலறிச்சுங்கிறதே நோட்டீஸப் பாத்துத்தான் எனக்குத் தெரியும்... அன்னிக்கு நான் தூங்கலம்மா. டீச்சர் எழுந்திருக்கச் சொன்னா, என் முதுகுல லேசாக் கை வை. நான் எழுந்துக்கிறேன்.