எழுபத்து நான்காம் இடம்

மார்ச் மாதத்தில் ஆள் வாங்குகிற அணி உருப்பட்டதாக நான் பார்த்ததில்லை.

மேலாளர் ஐயா, நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். முப்பத்தெட்டு வருஷம் இரும்பாலையில் உலை முன்னால் வெந்தேன். கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ஆனால் உங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டால் ஒரு பெண் எடுத்து, "உங்கள் கருத்துக்கு நன்றி" என்கிறாள். கருத்து என்னவென்று கேட்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

மார்ச்சில் சந்தைக்கு வருகிறவன் அடுத்தவன் வேண்டாம் என்று விட்டவன். விட்டவன் முட்டாளில்லை, அவனுக்கு ஏதோ தெரிந்திருக்கும். அணி கட்டுகிறவன் ஏப்ரல் வரை வாயையும் கையையும் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். கல்லூரியில் ஃபுட்பால் ஆடுகிற பையன்களை, அணிகள் முறை வைத்து ஒவ்வொருவனாகப் பெயர் சொல்லி எடுக்கிற அந்த மூன்று நாள் டிராஃப்ட்தான் விதைப்பு. மற்றதெல்லாம் விலைக்கு வாங்கித் தின்பது.

உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் தெரிந்தும் நீங்கள் செய்தது என்ன? போன அக்டோபரில், டிராஃப்டில் ஆள் எடுக்க நமக்கிருந்த முதல் சுற்றையும் இரண்டாம் சுற்றையும் தூக்கிக் கொடுத்துவிட்டு, தோள் நைந்த முப்பத்து நான்கு வயதுக் குவார்ட்டர்பேக்கை வாங்கி வந்தீர்கள். அவன் பந்தை வலது கையால் எறிகிறவன். அவனுக்கு இடது பக்கம் முதுகுப் பக்கம், கண் போகாது. அங்கே நின்று காக்கிற லெஃப்ட் டேக்கிள் சுவர் மாதிரி இருக்க வேண்டும். நம்மிடம் இருந்தவன் கதவு மாதிரி இருந்தான். அதுவும் திறந்த கதவு. ஏழு ஆட்டத்தில் உங்கள் குவார்ட்டர்பேக் முப்பத்தொரு தடவை மண்ணைக் கவ்வினான். நான் எண்ணினேன். எனக்கு வேறு வேலையில்லை.

ஆக, நமக்கு வேண்டியது ஒரு லெஃப்ட் டேக்கிள். நமக்கு முதல் வாய்ப்பு எழுபத்து நான்காம் இடத்தில். எழுபத்து மூன்று பேரை மற்றவர்கள் பொறுக்கிக்கொண்ட பிறகு, பந்தியில் கடைசி இலை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஸ்லோவாக் கிளப்பில் உட்கார்ந்திருந்தேன். மிலோ வந்தான். ஆலையில் என்னோடு வேலை பார்த்தவன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன், என்னைவிடக் குறைவாகத் தெரிந்தவன்.

"என்னடா ட்ரஸ்கா, இந்த வருஷமும் ஏப்ரல்லயே கோப்பைய ஜெயிச்சாச்சா?"

"எழுபத்தி நாலுல எவன் மிஞ்சுவான்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

"எவனாவது காலொடிஞ்சவன் மிஞ்சுவான். நல்ல சரக்கு அப்பத்தானடா நம்ம வீட்டுப் பக்கம் வரும்."

"சிரிக்காத. அது நெசம்."

"நெசம்னுதான் சிரிக்கிறேன். ஐம்பத்தெட்டு வருஷமா அழுது பாத்தாச்சு, என்ன ஆச்சு?"

அவன் விளையாட்டாகச் சொன்னான். நான் வீட்டுக்கு வந்து யோசித்தேன். முழங்கால் தசைநார் அறுந்தால் ஒரு பையன் முதல் சுற்றிலிருந்து மூன்றாம் சுற்றுக்கு இறங்குவான். எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஒன்பது மாதத்தில் தைத்துச் சரிப்படுத்தி விடுகிறார்கள். அடுத்த வருஷம் அவன் எழுந்து ஓடும்போது, எடுத்த மேலாளரைப் புத்திசாலி என்று தொலைக்காட்சியில் புகழ்வார்கள். அந்த மேலாளர் செய்ததெல்லாம் காத்திருந்ததுதான்.

இங்கே கீனனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் அவன் ஆட்டத்தைப் படமாகப் பார்த்திருப்பீர்கள். ஆளைப் பார்த்திருக்க மாட்டீர்கள். என் பக்கத்து வீட்டுக்காரன், கல்லூரி அணியில் லெஃப்ட் டேக்கிள். அவன் அம்மா நடீன் முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. அவனுக்குப் பத்து வயதில் இங்கே குடி வந்தார்கள், அப்பன் வரவில்லை. இப்போது இருபத்தொன்று. ஆறடி ஆறங்குலம், முந்நூற்றுப் பத்து பவுண்டு. பொருட்காட்சிக் கரடி மாதிரி இருப்பான், ஆனால் பாதம் தரையில் படுகிற சத்தம் கேட்காது. பாதத்தைத்தான் பார்க்க வேண்டும், உங்கள் ஆட்கள் கையை அளக்கிறார்கள். தொலைக்காட்சி நிபுணர்கள் எல்லோரும் அவனை இருபதாம் இடத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். வாழ்க்கையில் அவர்கள் சரியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

பிப்ரவரி நடுவில் நடீனுடைய பிறந்தநாளுக்காக ஐந்து நாள் வீட்டுக்கு வந்திருந்தான். அடுத்த வாரம் எல்லா அணிகளும் பையன்களை ஓடவிட்டு அளக்கிற இடத்துக்குப் போக வேண்டும். சனிக்கிழமை என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். பன்றிக் கால் போட்ட அவரையும் சோள ரொட்டியும். நடீனுக்குக் கை மணம் உண்டு.

"எந்த ஊருக்குப் போனாலும் வெயில் அடிக்கணும் மிஸ்டர் ட்ரஸ்கா. அம்மாவுக்கும் அங்கயே வீடு பாத்துருவேன்" என்றான் கீனன்.

"நம்ம அணிக்கு வந்தா என்ன?"

"உங்க அணிக்கா? அந்தக் கிழட்டுக் குவார்ட்டர்பேக்குக்கு முன்னாடி நிக்கறதுக்கு நான் சக்கர நாற்காலி தள்ளப் போகலாம்."

நடீன் அவன் தலையில் கரண்டியால் தட்டினாள். "பெரியவர்கிட்ட என்னடா பேச்சு."

"அவருக்குத் தெரியும்மா. அவர்தான் எல்லாரையும் விட அதிகமாத் திட்டுவாரு."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். ஆனால் "உங்க அணி" என்றான், கவனித்தீர்களா? இந்த ஏரிக்கரை ஊரில் பதினொரு வருஷம் வளர்ந்த பையன். அவனுடைய முதல் ஹெல்மெட்டை வாங்கித் தந்தவன் நான். வெயில் வேண்டுமாம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறானாம். அந்த வீடு காலியாகிவிடும் என்று யாரும் சொல்லவில்லை, நானாகப் புரிந்துகொண்டேன்.

எனக்குக் கோபமில்லை. இந்த வயதில் கோபப்படத் தெம்பு வேண்டும். யோசித்துப் பார்த்தேன், அவ்வளவுதான். எழுபத்து நான்காம் இடத்தில் வந்தால் அவனுக்கும் நல்லது. முதல் வருஷம் உட்கார்ந்து கற்றுக்கொள்வான். அம்மா சமையல் கிடைக்கும். நடீனுக்கு வேலையும் வீடும் மாறாது. நஷ்டம் ஒரு ஒன்பது மாதம். இருபத்தொரு வயதில் ஒன்பது மாதம் ஒரு தும்மல்.

பதினொரு குளிர்காலமாக அவர்கள் வீட்டு முன்படியில் பனி வழித்து, உறைந்து வழுக்காமலிருக்க உப்புத் தூவுகிறவன் நான். நடீன் விடிவதற்குள் வேலைக்குக் கிளம்புகிறவள். பையன் சின்னவனாக இருந்தான். யாரும் கேட்டு நான் செய்யவில்லை. அதனால் அந்த வீட்டில் யாரும் படியைப் பார்த்து இறங்குவதில்லை. நேராகப் பார்த்துக்கொண்டு இறங்குவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் உப்புத் தூவவில்லை.

நடீனைப் பற்றி நான் நினைக்காமலில்லை. எதையும் கவனமில்லாமல் செய்கிறவனில்லை நான். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. எழுந்தாலும் பின்வாசல் வழியாகத்தான் காருக்குப் போவாள். முன்வாசல் வழியாக ஆறரைக்கு ஓடப் போகிறவன் கீனன் மட்டும்தான்.

ஆறு முப்பத்தைந்துக்கு விழுந்தான். நான் சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்தேன். சத்தம் வராது என்று நினைத்திருந்தேன், வந்தது. கால் கைப்பிடிக் கம்பிக்குள் மாட்டிக்கொண்டு, உடம்பு முழுக்க அதன் மேல் விழுந்திருக்கிறது. நான்தான் முதலில் ஓடினேன். என் கோட்டைக் கழற்றி அவன் மேல் போட்டேன். ஆம்புலன்ஸ் வரும் வரை அவன் தலை என் மடியில்தான் இருந்தது.

"என் காலு, மிஸ்டர் ட்ரஸ்கா. காலு எங்க இருக்கு?"

"இருக்குடா. அசையாத. ஒன்பது மாசத்துல சரியாயிடும்" என்றேன்.

முழங்கால் மூட்டே இடம் பெயர்ந்திருந்தது. தசைநார் ஒன்றிரண்டு அறுந்தால் நான் கணக்குப் போட்டபடி நடந்திருக்கும். மூன்று அறுந்தது. ரத்தக் குழாயும் கிழிந்தது. இரண்டு தடவை அறுத்துத் தைத்து, காலைக் காப்பாற்றினார்கள். பாதத்துக்குப் போகிற நரம்பு செத்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். பாதம் தூக்கவில்லை, தொங்குகிறது. இனி ஆட்டமில்லை என்கிறார். என் தோளை உலைக்கதவு அடித்தபோதும் கை மேலே போகாது என்றுதான் ஒரு டாக்டர் சொன்னார். நான் அதற்குப் பிறகு இருபது வருஷம் பந்து உருட்டி ஆடினேன்.

ஆஸ்பத்திரியில்தான் நடீன் சொன்னாள். முந்தின நாள் சாயங்காலம் வீடு துடைத்த வாளித் தண்ணீரை முன்வாசலிலிருந்து வெளியே கொட்டினாளாம்.

"நான்தான் மிஸ்டர் ட்ரஸ்கா. சோம்பேறித்தனம், பின்னாடி போகாம அங்கயே கொட்டிட்டேன். எம் புள்ளைய நானே..."

கட்டிலில் கிடந்த கீனன் கேட்டுக்கொண்டிருந்தான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

நான் அவள் தோளில் கை வைத்தேன். "நடந்தது நடந்துபோச்சு நடீன். வேணும்னா செஞ்சே? யாரும் உன்னக் குத்தம் சொல்லல."

அதிலிருந்து அவன் அவளோடு சரியாகப் பேசுவதில்லை. தட்டு வைத்தால் சாப்பிடுகிறான், அவ்வளவுதான். அவள் இருபது பவுண்டு இளைத்துவிட்டாள். சமைக்கிறாள், உட்கார மாட்டேன் என்கிறாள். பையனிடம் நானே சொன்னேன், பெற்றவளை மன்னித்துவிடு என்று. வருஷக்கணக்காக ஆனாலும் மனிதன் மன்னிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன்.

டிராஃப்ட் இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம், என் வீட்டில்தான் பார்த்தோம். கீனன் காலை நாற்காலி மேல் நீட்டியிருந்தான். நடீன் வரவில்லை. அவன் போனை மேசை மேல் வைத்திருந்தான், திரை மேலே தெரியும்படி. எழுபத்து நான்கு வந்தது. பத்து நிமிஷம் கூட இல்லை, நீங்கள் பெயரைச் சொல்லிவிட்டீர்கள். பந்து பிடிக்கிற பையன். பந்து பிடிக்க ஏற்கெனவே ஐந்து பேர் இருக்கிறார்கள். எறிகிறவன் நின்றால்தானே ஐயா பிடிப்பதற்குப் பந்து வரும்.

நான் தொலைக்காட்சியைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னேன்.

"விடுங்க மிஸ்டர் ட்ரஸ்கா. ஒத்தக் காலனை யாரு எடுப்பா?" என்றான்.

"நாளைக்கு நாலு சுத்து இருக்கு."

"நீங்க ஒருத்தர்தான் இன்னும் நம்புறீங்க."

சனிக்கிழமை கடைசிப் பெயர் வரை உட்கார்ந்திருந்தான். இருநூற்றுச் சொச்சம் பெயர். போன் ஒரு தடவை அடித்தது. நடீன், சாப்பிட வா என்று. அவன் எடுக்கவில்லை.

இனி மறைக்க ஒன்றுமில்லை. நடீன் வாளித் தண்ணீரைக் கொட்டியது வேலி ஓரம். அங்கிருந்து அது படிக்கு ஏறி வராது. அந்தப் படிக்குச் சிமெண்டு பூசியவன் நான், வாட்டம் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். படியில் உறைந்திருந்தது என் தண்ணீர். காலை ஐந்து மணிக்கு இரண்டு வாளி கொண்டுபோய் மேல் படியிலிருந்து மெதுவாக ஊற்றினேன். கண்ணாடி மாதிரி வர வேண்டும் என்று இரண்டாவது வாளியை அரைமணி கழித்து ஊற்றினேன். என் அடுப்படி ஜன்னலிலிருந்து படி தெரியும். அவன் கதவைத் திறந்ததைப் பார்த்தேன். கண்ணாடியைத் தட்டியிருந்தால் நின்றிருப்பான். தட்டவில்லை.

இதைப் போலீசுக்குக் காட்டுவதானால் காட்டுங்கள். எழுபத்தொன்பது வயது, எங்கே உட்கார வைத்தாலும் உட்காருவேன். ஆனால் பழியில் பாதி உங்களுடையது. முதல் சுற்றை விற்காமல் வைத்திருந்தால் இந்த வயதில் இரண்டு வாளி தூக்க எனக்கு என்ன தலையெழுத்து?

நான் எழுதுவது அதற்காக இல்லை. டிராஃப்டில் யாரும் எடுக்காதவனை எந்த அணியும் சும்மா கூப்பிட்டுக் கொள்ளலாம். உங்களுக்கு ஒரு சுற்றும் செலவில்லை. இருபதாம் இடத்துக்குப் போக வேண்டியவனை இலவசமாக உங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். எந்த ரசிகனும் எந்த அணிக்கும் இவ்வளவு செய்ததில்லை. ஒரு வருஷம் பொறுங்கள், பாதம் எழும்பும்.

அவன் எண்ணைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். பகலில் கூப்பிடுங்கள். நடீன் எடுத்தால் படியைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம். பாவம், தான் செய்ததை அவள் இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக மறக்கிறாள். நான்தான் தினமும் போய்த் தேற்றிவிட்டு வருகிறேன்.