வாசல் போன்

இல்ல மேடம், உங்க போனும்தான். நீங்க தலைமை ஆபீஸ்லேருந்து வந்திருக்கீங்கன்னு பெட்ரோல் ஆவிக்குத் தெரியாது பாருங்க. அதுக்குப் பதவி, மரியாதை எதுவும் கிடையாது. அந்தக் கூண்டுல வையுங்க, பதினேழாம் நம்பர். இந்தாங்க டோக்கன். கையில கட்டியிருக்கறது வெறும் வாட்ச்தானா, இல்ல அதுவும் பேசுமா? பேசுமா, அப்ப அதையும் கழட்டிடுங்க.

உக்காருங்க. அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும், சுவரோட சாச்சிட்டா ஒண்ணும் ஆகாது. ஆமா, போன வாரம் லோடிங் மேடையில தீப்பிடிச்சப்பவும் இந்த வாசல்ல நான்தான் பாதுகாப்பு மேற்பார்வையாளர். இருபத்திரெண்டு வருஷமா நான்தான். விசாரிக்கத்தானே வந்திருக்கீங்க, தாராளமா விசாரிங்க.

முதல்ல இத எழுதிக்குங்க. எங்க டிப்போல பாதுகாப்புக்கு ஒரு குறையும் கிடையாது. எதிர்ச் சுவரப் பாருங்க, ஏழு பலகை. போன வருஷம் ஆறுதான் இருந்தது. அந்த அளவுக்கு முன்னேறியிருக்கோம். அஞ்சாவது பலகையப் படிங்க. கைப்பேசி உள்ளே கொண்டுசெல்லத் தடை. அது மேனேஜர் உத்தரவு. அதுக்குக் கீழ உள்ளதையும் படிங்க. ஒவ்வொரு லாரியும் நிரம்பியவுடன் மீட்டரைப் படம் எடுத்து வாட்ஸ்ஆப் குழுவில் பதிவிட வேண்டும். அதுவும் மேனேஜர் உத்தரவுதான். ரெண்டும் ஒரே நாள்ல வந்தது, ஒரே ஆணியடிச்சு மாட்டினோம்.

எதுல படம் எடுக்கறதுன்னு கேக்கறீங்க. நல்ல கேள்வி. ரெண்டு வருஷமா இங்க வந்துபோனவங்க ஒருத்தரும் கேக்கல.

அதுக்குன்னே ஒரு போன் இருக்கு மேடம். ஆவி நிக்கற எடத்துலகூட எடுத்துப் பேசலாம், படம் பிடிக்கலாம். தீப்பிடிக்கற அளவுக்கு அதுல பொறி வராது. அப்படிச் செஞ்சு, சோதிச்சு, முத்திரை குத்தி அனுப்பியிருக்காங்க. கனமா இருக்கும், நாங்க செங்கல்னு சொல்லுவோம். எங்க இருக்குன்னா கேக்கறீங்க? மேனேஜர் ரூம்ல, கண்ணாடி பீரோல, நமக்குக் கிடைச்ச கேடயத்துக்குப் பக்கத்துல. திரையில ஒட்டியிருந்த தாளகூட இன்னும் உரிக்கல. கீறல் விழுந்தா யார் பொறுப்புன்னு கேப்பாரு. நியாயம்தானே. மனுஷத் தோல்ல கீறல் விழுந்தா மருந்து போடலாம், செங்கலுக்கு என்ன போடறது?

இல்ல, சுத்தமா எடுக்கறதே இல்லன்னு சொல்லக் கூடாது. ஆய்வுக்கு ஆள் வர்ற அன்னிக்கு எடுப்பாரு. லோடிங் மேடையில நின்னு அதக் காதுல வெச்சுக்கிட்டு ஒரு போட்டோ பிடிச்சுக்குவாரு. அந்த போட்டோவ எதுல பிடிச்சாருன்னு கேக்காதீங்க. அவரோட சொந்த போன்லதான்.

அப்ப மத்தவங்க என்ன செய்யறாங்கன்னு கேக்கறீங்களா? இந்தக் கூண்டுகளக் கொஞ்சம் எட்டிப் பாருங்க. பதினாலு போன் இருக்கா? ஷிப்டுல பதினாலு பேர், கணக்கு சரியா இருக்கு. நீங்க வந்து கால் மணி நேரம் ஆச்சு, அதுல ஒண்ணாவது அடிச்சுதா? அடிக்காது மேடம். எல்லாம் செத்த போன். வாசல் போன்னு பேரு. புதுசா வேலைக்குச் சேர்ந்தா மூணு நாளைக்குள்ள ஒவ்வொருத்தரும் ஒண்ணு சம்பாதிச்சிடுவாங்க. அத எங்கிட்ட குடுத்துட்டு, டோக்கன வாங்கிக்கிட்டு, உயிருள்ள போன பனியனுக்குள்ள போட்டுக்கிட்டு உள்ள போவாங்க. அந்த ஒன்பதாம் கூண்டுல இருக்கறது போனே இல்ல, டிவி ரிமோட். பதிவேட்டுல நான் கைப்பேசின்னுதான் எழுதியிருக்கேன். பட்டன் இருக்கே.

எனக்குத் தெரியுமாவா? ரிமோட்ட வாங்கி டோக்கன் குடுத்தவனப் பாத்துக் கேக்கறீங்க. சொல்லுங்க பார்ப்போம், நான் தடுத்தா மீட்டர் படம் போகாது. படம் போகலன்னா லாரி நகராது. லாரி நகரலன்னா யாருக்குத் திட்டு விழும்?

சரி, அன்னிக்கு நடந்தத சொல்றேன். காலைல பத்தே காலு. கைய சுட்டுக்கிட்டவரு யாருன்னு உங்க பேப்பர்ல இருக்கும். ஊழியர்னு போட்டிருப்பீங்க. எங்க வீட்டுல அவரு மாப்ள. என் தங்கச்சி வீட்டுக்காரர். லாரி நிரப்பி முடிச்சாச்சு, மேல நின்னு மூடிய மூடப் போறாரு. பனியனுக்குள்ள போன் அதிருது. கையுறையோட எடுத்தா வழுக்காம என்ன செய்யும்? இரும்பு மேடையில விழுந்து பேட்டரி பிளந்துடுச்சு. ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். நுரை அடிச்சு ரெண்டே நிமிஷத்துல அணைச்சாங்க. டிப்போவுக்கு அது சாதனைன்னு மேனேஜர் குழுவுல போட்டாரு. மாப்ளையோட ரெண்டு கைக்கும் அந்த ரெண்டு நிமிஷம் போதுமானதா இருந்தது.

இப்ப ஆஸ்பத்திரில தங்கச்சி ஸ்பூனால ஊட்டுறா. பதினாலு வருஷத்துல இந்த மனுஷன் குறை சொல்லாம சாப்பிடறது இதான் முதல் தடவை அண்ணாங்கறா. அவ அப்படித்தான். அழ வேண்டிய எடத்துல கிண்டல் பண்ணுவா. குடும்ப வியாதி.

அந்த அறிக்கையக் குடுங்க, படிக்கறேன். ஊழியர் பழுதான கைப்பேசி ஒன்றை வாசலில் ஒப்படைத்துவிட்டு, மேற்பார்வையாளருக்குத் தெரியாமல் வேறொரு கைப்பேசியை உள்ளே எடுத்துச் சென்றார். மேனேஜர் எழுதினதா? அதானே, கோர்வையா இருக்கு. கீழ நான் கையெழுத்துப் போட்டா என் மேல தப்பில்ல, மேனேஜர் மேல தப்பில்ல, செங்கல் மேலயும் தப்பில்ல. மாப்ளைக்கு வேலை கிடையாது, வைத்தியச் செலவும் கம்பெனி ஏத்துக்காது. ரெண்டு கையும் வெந்துபோன ஆளுக்கு வேற எவன் வேலை குடுப்பான்னு இதுல ஒரு வரி இல்லையே. எடம் பத்தலையோ என்னவோ.

இது என்ன, ரெண்டாம் பக்கத்துல? அழைத்தவர் யார் எனத் தெரியவில்லை. போன்தான் கரியாப் போச்சே, எப்படித் தெரியும். மாப்ளையக் கேட்டீங்களா? ஞாபகமில்லன்னாரா? அவரு என் கல்யாணத்துல யாரு என்ன மொய் வெச்சாங்கன்னு இன்னிக்கும் சொல்லுவாரு மேடம். ஞாபகமில்லையாம்.

பேனா குடுங்க. இந்தத் தெரியாமல்ங்கறத நான் அடிச்சிடறேன். தெரிஞ்சேதான்னு எழுதிடலாம். செங்கல் பீரோல இருக்கறதையும் எழுதறேன், பூட்டு நம்பரோட. வேலை போகும், தெரியும். நீங்க பயமுறுத்த வேண்டாம், அத நானே ஒரு வாரமா செஞ்சுக்கிட்டுதான் இருக்கேன்.

அழைத்தவர்ங்கற எடத்துலயும் என் பேரயே போட்டுக்கறேன். அன்னிக்கு வெளிய நாலு லாரி நின்னு ஹாரன் அடிக்குது, மேனேஜர் வந்து இந்த மேஜையத் தட்டறாரு, படம் எங்கய்யாங்கறாரு. நான் என் போன எடுத்து மாப்ளைக்கு அடிச்சேன். மணி போச்சு, பட்டுனு கட்டாயிடுச்சு. சிக்னல் இல்லபோலன்னு நெனச்சு இன்னொரு தடவ அடிச்சேன்.